இழுத்து வெட்டும் கை

என் கணவர் ஒரு கத்தி செய்துவிட்டால் அதை எதிலாவது போட்டுப் பார்க்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது. இப்போதும் அப்படித்தான், திருந்தவில்லை. போன வருடம் பழைய லோரி ஸ்பிரிங் பட்டையைத் தீட்டி, ஆட்டுத் தோல் உரிப்பதற்கென்றே ஒன்று செய்தார். வளைந்த சின்னக் கத்தி, ரப்பர் கட்டையில் வழவழவென்று பிடி. கை வழுக்கினால் தடுக்க ஒன்றுமில்லையே என்று கேட்டேன். "உனக்கு என்னடி தெரியும்" என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

காம்பார் பக்கம் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. முனியாண்டி கோயிலைச் சுற்றி மட்டும் நாலைந்து பால் மரங்கள் நிற்கின்றன. வேண்டுதலுக்கு என் தம்பி தன் வேனில் ஆடு கொண்டுவந்தான். வெட்டி முடித்ததும் பின்னங்கால்களைக் கட்டி ஒரு மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். ஆடாமல் இருக்க முன்னங்கால்களை நான் பிடித்துக்கொண்டேன்.

இவர் தன் புதுக் கத்தியால் தோலை உரிக்க ஆரம்பித்தார். கத்தி நன்றாகத்தான் ஏறியது. "பாத்தியா மச்சான், எப்படிப் போவுது பாரு லா!" என்று தம்பியிடம் ஒரே பெருமை.

தோல் உரிக்கிறவர்கள் கத்தியைத் தங்களை விட்டு வெளியேதான் தள்ளுவார்கள். இவரோ வருடக்கணக்காகப் பால் மரம் வெட்டியவர். பால் வடிய மரப்பட்டையைச் சீவும் கத்தியை இழுத்து இழுத்தே பழகிய கை, ஆட்டையும் தன் பக்கமாகவே இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் முனை இவர் தொடையை நோக்கி வந்தது.

"என்னங்க, வெளிய தள்ளுங்க. பயமா இருக்கு."

"பால் வெட்டுன கைடி இது. சும்மா இரு."

கொழுப்பில் பிடி வழுக்கியது. சத்தமே இல்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு இவர் அப்படியே நின்றார்.

காற்சட்டை முழுக்க ஏற்கெனவே ஆட்டு ரத்தம். எது ஆட்டினுடையது, எது இவருடையது? ஐயோ, எனக்குத் தெரியவில்லையே! தம்பி போத்தல் தண்ணீரை ஊற்றினான். கழுவிய இடத்தில், தொடையின் உள்பக்கம், மறுபடியும் சிவப்பாக ஊறி வந்தது. என் ஷாலைச் சுருட்டி வைத்து இரண்டு கையாலும் அமுக்கினேன்.

தம்பி வேனை விரட்டினான். செம்பனைக்குள் பாதை குண்டும் குழியுமாக இருந்தது. தூக்கிப் போடும்போதெல்லாம் விரலிடுக்கில் சூடாகக் கசிந்தது. ஆஸ்பத்திரி வரும்வரை இவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், வாயில் வந்ததையெல்லாம். நிறுத்தினால் கண்ணை மூடிவிடுவார் என்று பயம்.

கட்டிலில் போட்டதும் ஒரு தமிழ் நர்ஸ் ஓடிவந்தாள். "அக்கா, கைய எடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

எடுக்க முடியவில்லை. எடுத்தால் இவர் போய்விடுவார் என்றே நினைத்தேன். அவள் என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். அப்போது இவர் கை வந்து என் மணிக்கட்டை இறுக்கியது.

"எடுக்காதடி" என்றார். உதடெல்லாம் வெளுத்திருந்தது. "எடுத்துறாதடி."