கண்ணாடிக்கு இருந்த காப்பு

பந்திங் ஊரில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் இன்சூரன்ஸ் எந்த மாதம் முடிகிறது என்று தெரியாது. கமலேஸ்வரிக்குத் தெரியும். டயர் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் ஒரு மேசையும் பிரிண்டரும் மட்டுமே கொள்ளும் இடத்தில், பத்தொன்பது வருடமாக இன்சூரன்ஸும் ரோடு டேக்ஸும் புதுப்பித்துக் கொடுத்து வருகிறாள். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் பாலிசியின் பொடி எழுத்தை ஊரில் முழுதாகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

தேதி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் மூன்று விலை அனுப்புவாள். வீட்டு ஆண்களுக்குத்தான் அனுப்புவாள். வண்டி அவர்கள் பெயரில்தானே இருக்கிறது. எது ஆகக் குறைவோ அதற்கு ஒரு கட்டைவிரல் பதிலாக வரும். மணல் லோரியும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியும் ஓடும் சாலை என்பதால், முன்கண்ணாடிக்கான கூடுதல் காப்பை மட்டும் யாரும் வேண்டாம் என்பதில்லை. கல் தெறிப்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

தம்பி குணசீலனும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை காலை காரை டயர் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். அவன் மனைவி தவமலர் காரிலேயே இருந்தாள். கண்ணாடியில் புதிதாக ஒட்டிய கருப்பு டிண்டுக்குப் பின்னால் அவள் முகம் தெரியவில்லை.

“அக்கா, கண்ணாடிய மட்டும் நல்லா போட்டுரு. டிண்டே ஆயிரத்து எண்ணூறு ஆச்சு.”

“போட்டாச்சுடா. இதையும் பாரு. வண்டியில உக்காந்திருக்கிறவங்களுக்கு. நீ, தவா, பாப்பா, எல்லாருக்கும் சேர்த்து.”

“ஃபுல் இன்சூரன்ஸ்தானே எடுக்குறேன்? அப்புறம் என்ன?”

“ஃபுல்லுன்னா அது வண்டிக்குடா. நீயே போயி மோதுனா உள்ள இருக்கிறவங்களுக்குச் சல்லிக்காசு வராது.”

“காலங்காத்தால நல்ல வார்த்தை சொல்றியே!” குணசீலன் பக்கத்துச் சலூன்காரனைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான். “பாத்தியாண்ணே, கூடப் பொறந்தவன்கிட்டயே கமிஷன் அடிக்கப் பாக்குது.”

சலூன்காரன் சிரித்தான். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவனும் சிரித்தான்.

கமலேஸ்வரிக்குக் காது சூடானது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் சித்தியும் இதையேதான் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாள். முன்பின் தெரியாத ஆளுக்கு இந்தக் காப்பைப் பத்து நிமிடம் விளக்க அவளால் முடியும். சொந்தத் தம்பியிடம் இன்னொரு தடவை வாய் வரவில்லை. கணினித் திரையில் அந்தக் காப்புக்கு நேரே இருந்த குறியை எடுத்துவிட்டாள். என்ன விலை என்று குணசீலன் கேட்கவே இல்லை.

நான்கு மாதம் கழித்து, தெலுக் இந்தானில் ஒரு காதுகுத்துக்குப் போகும் வழியில், சாலையோரம் முறையாக நின்றிருந்த செம்பனை லோரியின் பின்பக்கத்தில் குணசீலன் மோதினான். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சிராய்ப்புதான். தவமலரின் வலது கை நசுங்கியது. எலும்பை இரும்பு வைத்துச் சேர்த்தார்கள்; விரல்கள் மடங்கவில்லை. நரம்புக்கு இன்னொரு ஆபரேஷன் தேவை, ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் பலன், கையிலிருந்து இருபத்தெட்டாயிரம் வெள்ளி கட்ட வேண்டும் என்றார்கள். தவமலர் தையல்காரி.

காருக்கான பணம் வந்தது. காரின் மீதிக் கடனுக்கு அதை வங்கி எடுத்துக்கொண்டது.

வங்கிக் கடிதம் வந்த வாரம் கமலேஸ்வரி அந்த வீட்டுக்குப் போனாள். தையல் மெஷினைத் துண்டால் மூடி வைத்திருந்தார்கள். தவமலர் இடது கையால் கோப்பி கலக்கி வைத்தாள். பாதி தட்டில் சிந்தியிருந்தது.

“வண்டிக் காசு முடிஞ்சிருச்சு. எங்களுக்கு உள்ளது எப்ப வரும் அண்ணி? ஆஸ்பத்திரியில தேதி கேக்குறாங்க.”

“தவா...”

“ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்துப் போடுறவங்க, எங்களுக்குப் போடாமலா இருப்பீங்கன்னு அம்மாகிட்டகூட சொன்னேன்.”

கம்பெனிக்காரன் மறுத்துவிட்டான் என்று சொல்லிவிடலாம். வழியெல்லாம் கமலேஸ்வரி அந்த வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். தவமலர் நம்பியிருப்பாள். யார்தான் பொடி எழுத்தைப் படிக்கிறார்கள்?

“அப்படி ஒரு காசு இல்ல தவா,” என்றாள். “உள்ள இருக்கிறவங்களுக்குன்னு ஒரு காப்பு இருந்துச்சு. குணா வேணாம்னு...” நிறுத்தினாள். செத்தவன் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. “நான்தான் எடுத்துட்டேன். அவன் கமிஷன்னு கிண்டல் பண்ணான். எனக்கு ரோஷம் வந்துருச்சு.”

கூடத்தில் பிள்ளை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது.

“எவ்ளோ அண்ணி அது?”

“என்ன?”

“நீங்க எடுத்தது.”

“எழுபத்தஞ்சு வெள்ளி. ஒரு வருசத்துக்கு.”

தவமலர் தன் வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்தாள். மடங்காத விரல்கள் வைத்தபடியே கிடந்தன.

“லைனிங் வச்ச ஒரு ப்ளவுஸ் கூலி,” என்றாள். “நான் கார்லதானே அண்ணி உக்காந்திருந்தேன்? கண்ணாடியத் தட்டிச் சொல்லியிருந்தா, அன்னிக்கே தச்சுக் குடுத்திருப்பேனே.”