பின்னால் வந்துகொண்டிருந்த அம்மா

சுவிஸில் பிறந்திருந்தும் பத்து வயது வரைக்கும் நான் ஒரு மலையிலும் ஏறியதில்லை. ஆரா நகரில் எங்கள் வீட்டுச் சமையலறை யன்னலருகே நின்றால், சில நாட்களில் வெகுதொலைவில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அதுதான் அல்ப்ஸ் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். அப்பாவுக்கு அது வானிலை அறிக்கை. மலை துலக்கமாகத் தெரிந்தால் மறுநாள் மழை என்பார். அம்மா அந்த யன்னலால் வெளியே பார்த்து நின்றதாக எனக்கு நினைவில்லை. பார்க்கிற நேரத்தில் யன்னலைத் துடைத்துவிடுவார்.

அப்பா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தார். அங்கே வேலை செய்பவர்களை ஒவ்வொரு கோடையிலும் ஒருநாள் எங்காவது கூட்டிப்போவது வழக்கம். ஒருமுறை ஏரியில் படகு, இன்னொருமுறை சீஸ் தொழிற்சாலை. நான் நாலாம் வகுப்பு முடித்த வருடம் புதிதாக வந்த தலைமைச் சமையற்காரருக்கு மலைப்பித்து. வலே மாநிலத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில், மூன்று பழைய ஊர்களின் ஊடாக, வழிகாட்டியோடு நாள் முழுவதும் நடை என்று முடிவாயிற்று. குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்றார்கள். அப்பா அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

அம்மாவுக்கு அப்போது மூன்று இடங்களில் துப்புரவு வேலை. விடியப்புறம் ஒரு அலுவலகம், மதியத்தில் ஒரு பல்வைத்தியரின் வீடு, பின்னேரம் ஒரு பள்ளிக்கூடம். ஊரில் போர் முடிந்து, அங்கே போய்வரலாம் என்று ஆன பிறகு அந்தப் பயணச் செலவுக்காக எடுத்ததுதான் மூன்றாவது வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருடையது. மலைநடையும் ஞாயிற்றுக்கிழமைதான்.

"நான் வீட்டில நிக்கிறன். நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போட்டு வாங்கோ" என்றார் அம்மா.

"எல்லாற்றை மனுசிமாரும் வருகினம். நீர் வராட்டி என்ன நினைப்பினம்?" என்றார் அப்பா. பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ரோல்ஸ் கொண்டு வாறம் எண்டும் சொல்லிப்போட்டன்" என்றார்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வழமையான வேலைநாட்களை விடவும் முந்தி எழும்பினார். நான் கண் விழித்தபோது வீடு முழுக்க எண்ணெய் மணம். மேசை நிறைய, இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் அடுக்கி ஆறவிட்டிருந்தார். அப்பா வாசலில் உட்கார்ந்து புதிதாக வாங்கிய மலைச் சப்பாத்தின் நாடாவைக் கட்டிப் பழகிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மலைச் சப்பாத்து வாங்கவில்லை. வேலைக்குப் போடுகிற வெள்ளைச் சப்பாத்தையே போட்டுக்கொண்டார். அதுதான் கால் பழகியது என்றார்.

ரயிலில் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கினார். மாறி ஏறிய இரண்டாவது ரயிலிலும் தூங்கினார். மஞ்சள் நிறப் போஸ்ட் பஸ் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்து ஏறியபோது, தங்கச்சி மடியில் சத்தி எடுத்ததால், அதில் மட்டும் தூங்கவில்லை.

வழிகாட்டி ஒரு பெண். நரைத்த தலைமயிரைப் பின்னிக் கட்டியிருந்தார். கையில் இரண்டு ஊன்றுகோல்கள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவராம். முதலாவது ஊரில், வெயிலில் கறுத்த மரத்தால் கட்டிய களஞ்சியங்களைக் காட்டினார். அவை மரக்கால்களில் நின்றன. காலுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவில் பெரிய தோசைக்கல் போல ஒரு வட்டக்கல். எலி ஏறி வந்தாலும் அந்தக் கல்லைத் தாண்ட முடியாதாம். அப்பா இதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தார். அப்பாவின் ஜெர்மன் சமையலறையில் படித்தது. எலி, கல், தானியம் மூன்றும் அதில் இருந்ததால் விளக்கம் நன்றாகவே வந்தது.

"இதைப் பாக்கவே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார் அம்மா.

"பழைய காலத்துக் கட்டடமப்பா. சும்மா இல்லை."

"எப்பிடித்தான் உதுகளைக் கூட்டித் துடைக்கிறவையோ தெரியாது" என்று அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு ஏற்றம் தொடங்கியது. தங்கச்சி அப்பாவின் கழுத்தில். நான் வழிகாட்டிக்குப் பக்கத்தில் முன்னுக்கு. அம்மா கடைசியில். வழிகாட்டி அடிக்கடி திரும்பிப் பார்த்து, அம்மா நலமாக இருக்கிறாரா என்று கேட்கச் சொல்வார். நான் ஓடிப்போய்க் கேட்பேன். "நல்லம் எண்டு சொல்லு" என்பார் அம்மா. நான் ஓடிவந்து சொல்வேன். எனக்கு அந்த ஓட்டம் பெரிய உத்தியோகம் மாதிரி இருந்தது.

இரண்டாவது ஊரில் சாப்பாடு. ஊர் என்றால் பத்துப் பதினைந்து வீடுகள், ஒரு சின்னத் தேவாலயம், ஒரே மரத்தைக் குடைந்து செய்த தண்ணீர்த் தொட்டி, அதில் ஓயாமல் விழும் தண்ணீர். எல்லோரும் புல்லில் உட்கார்ந்து அம்மாவின் ரோல்ஸைச் சாப்பிட்டார்கள். தலைமைச் சமையற்காரர் நாலு சாப்பிட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா அதைத் தானே பொரித்ததுபோல நின்றார். அம்மா பெட்டியோடு ஒவ்வொருவராகப் போய்க் கொடுத்து முடித்து, பிறகு கடுதாசித் துடைப்பான்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டார். அவர் சாப்பிட்டதை நான் காணவில்லை.

மூன்றாவது ஊரில் ஐஸ்கிரீம் இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னார். அதனால் நான் முன்னுக்கே நடந்தேன். பாதை ஆற்றங்கரையோடு ஏறி, காட்டுக்குள் நுழைந்து, ஒரு சிலுவைக்கு அருகே வெளியே வந்தது. அங்கே வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தித் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மா எங்கை?" என்றார் அப்பா.

"பின்னாலை" என்றேன்.

பின்னால் யாரும் இல்லை. அப்பா கைத்தொலைபேசியை எடுத்து அடித்தார். அம்மாவின் தொலைபேசி அவரது முதுகுப் பைக்குள்ளேயே மணியடித்தது. அம்மா பாரமென்று தன் கைப்பையையும் அதற்குள்தான் வைத்திருந்தார்.

அப்பா காட்டைப் பார்த்து, "இஞ்சாரும்! இஞ்சாரும்!" என்று கத்தினார். வீட்டில் அவர் அம்மாவைக் கூப்பிடுவது அப்படித்தான். மலை அதை அப்படியே திருப்பிக் கத்தியது. இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். கீழே ஆற்றின் இரைச்சல் கேட்டபோது சிரித்தவர்களும் நிறுத்தினார்கள். யாரோ மீட்பு ஹெலிகொப்டர் என்று சொன்னார்கள். அந்தச் சொல் அப்பாவுக்கு உடனே விளங்கியது. அதன்பிறகு அவர் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல்தடவை. யாரோ வேறொரு பெண்ணைத் தேடுவது போலிருந்தது.

தலைமைச் சமையற்காரர் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே போக, வழிகாட்டியும் நாங்களும் வந்த வழியே இறங்கினோம். கடைசியாக எந்த இடத்தில் கண்டீர்கள் என்று வழிகாட்டி கேட்டார். அப்பா, "பின்னாலைதான் வந்தவ... பின்னாலைதானே வாறவ" என்று தமிழிலேயே சொன்னார். நானும் மொழிபெயர்க்கவில்லை.

ஓரிடத்தில் கீழே ஆற்றின் விளிம்பில், பாறைகளுக்கு நடுவே, வெள்ளையாக ஏதோ கிடந்தது. "சப்பாத்து" என்றேன். அப்பா தங்கச்சியைத் தூக்கி வழிகாட்டியின் கையில் கொடுத்துவிட்டு, அவர் தடுக்கத் தடுக்க, சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கினார். மண்ணும் கல்லும் அவருக்கு முன்னால் உருண்டு போயின. தங்கச்சி வீரிட்டு அழுதாள். அப்பா கீழே போய்க் குனிந்து நின்றார். வெகுநேரம் நின்றது போலிருந்தது. பிறகு நிமிர்ந்து கையை அசைத்தார். சப்பாத்தில்லை, கல்லில் தேங்கிய நுரை. மேலே ஏறி வந்தபோது அவருடைய காற்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது. என் கையைப் பிடித்தவர், ஊர் வரும்வரை விடவில்லை. நான் வழுக்கி விழுந்துவிடுவேன் என்ற பயம் என்று நினைத்தேன்.

இரண்டாவது ஊரின் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ரோல்ஸ் பெட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதற்கு எதிர்வீட்டுப் படியில் அம்மாவின் வெள்ளைச் சப்பாத்துகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கதவு திறந்திருந்தது.

உள்ளே தாழ்ந்த கூரை. மரச்சுவர். மூலையில் பெரிய கல்லடுப்பு, அதை ஒட்டி ஒரு நீள வாங்கு. அந்த வாங்கில் அம்மா ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். யாரோ கம்பளி போர்த்திவிட்டிருந்தார்கள். மேசையில் தொடாத கோப்பி, ஆடை படர்ந்து ஆறிப்போயிருந்தது. ஏப்ரன் கட்டிய ஒரு பெண் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார்.

அவரும் வழிகாட்டியும் தங்கள் ஊர்ப் பேச்சில் மெதுவாகக் கதைத்தார்கள். எனக்கே பாதிதான் விளங்கியது. அம்மா பெட்டியைக் கழுவிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாராம். முகத்தைப் பார்த்து அந்தப் பெண் உள்ளே கூப்பிட்டாராம். கோப்பி ஊற்றித் திரும்புவதற்குள் அம்மா தூங்கிவிட்டாராம். யாராவது தேடி வருவார்கள்தானே என்று விட்டுவிட்டாராம்.

அப்பா அம்மாவின் தோளைத் தொடக் குனிந்தார். அந்தப் பெண் கத்தியும் உருளைக்கிழங்குமாகக் குறுக்கே வந்து நின்று, "விடுங்கள், தூங்கட்டும்" என்றார். பின்னேரம் ஒரு பஸ் இருக்கிறது, அது போதும் என்று வழிகாட்டியும் சொன்னார். நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். பாணும் சீஸும் வந்தன. அப்பா ஒரு துண்டைக் கடித்து, மெல்லுவதை மறந்து, அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலுறையின் குதி தேய்ந்து தோல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய தலையும் மேசையில் சாய்ந்தது. தங்கச்சி பூனையோடு விளையாடி அதன் பக்கத்திலேயே தூங்கிப்போனாள். எனக்கோ கோபம். மூன்றாவது ஊரில் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு மலையைப் பார்க்கவென்று வந்து, என் குடும்பம் முழுவதும் முன்பின் தெரியாத வீட்டில் நித்திரை.

வெயில் மறுபக்கச் சரிவுக்கு ஏறிய பிறகுதான் அம்மா கண் விழித்தார். கூரையைப் பார்த்தார். சட்டென்று எழுந்து கால்களைத் தரையில் வைத்து, "எத்தினை மணி? வேலைக்குப் பிந்திப்போட்டனோ?" என்றார்.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார், கிழிந்த காற்சட்டையோடு தூங்கும் அப்பாவைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அந்தப் பெண்ணும் சிரித்தார். புதிதாகக் கோப்பி வந்தது. அம்மா அதை ஊதி ஊதி, யன்னலால் வெளியே பார்த்தபடி, கடைசிச் சொட்டு வரைக்கும் இருந்து குடித்தார்.

அந்த நாள் எங்கள் வீட்டில் 'அம்மா துலைஞ்ச கதை' ஆயிற்று. பிறந்தநாள் கொண்டாட்டங்களில் அப்பா அதை எழுந்து நின்று, கைகால் ஆட்டிச் சொல்வார். தான் வழுக்கிப் போன இடத்தைச் சொல்லிச் சிரிப்பார். வந்தவர்கள் அம்மாவிடம், பாதை மாறிப் போனீர்களோ என்று கேட்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.

நான் மட்டும் அதை அன்றைக்கே, திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டிருந்தேன். அப்பா முன் இருக்கையில் தங்கச்சியோடு இருந்தார். நாங்கள் எந்தப் பக்கம் போனோம் என்று தெரியாமல்தான் அங்கே இருந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"தெரியாமலென்ன? நீங்கள் போறதை இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனான். காட்டுக்குள்ளை போகுமட்டும் தங்கச்சியின்ரை சிவப்புத் தொப்பி தெரிஞ்சது."

"அப்ப ஏன் கூப்பிடேல்லை?"

அம்மா பஸ் யன்னலால் வெளியே பார்த்தார்.

"கூப்பிட்டிருந்தா நிண்டிருப்பியள்" என்றார்.

எங்களைப் பிந்த வைக்கக் கூடாது என்றுதான் அம்மா கூப்பிடவில்லை என்று அந்த வயதில் விளங்கிக்கொண்டேன். எவ்வளவு நல்ல அம்மா என்று பெருமையாகவும் இருந்தது. விடுமுறை முடிந்து வகுப்பில் மலைநடையைப் பற்றிப் பேசச் சொன்னபோது, எழுந்து நின்று அப்படித்தான் சொன்னேன்.