இரண்டு இருபத்தேழுகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் அலுவலகத்துக்கு எங்கள் கணினிக் கடை வயர்லெஸ் இணைப்புப் பெட்டிகளைப் பொருத்திக் கொடுத்தது. கடை பெரம்பலூரில் ஒரு மாடியில் இருந்தது.
2. அந்த வாரமே ஆலையின் எடைமேடைக் கணினி வேலை நேரத்தில் நின்றது. லோடு ஏற்றிய லாரிகள் எடைச் சீட்டு கிடைக்காமல் வாசலில் வரிசை கட்டின.
3. கொஞ்ச நேரத்தில் தானே சரியானது. மறுநாள் மறுபடி நின்றது.
4. எடைமேடையில் வேலை பார்த்தவருக்கு மெமோ கொடுத்தார்கள். கணினியை அவர் சரியாகக் கையாளவில்லை என்று அதில் இருந்தது.
5. இன்னொரு முறை நின்றால் அவரைச் சுரங்க ஆபீசுக்கு மாற்றுவதாக மேனேஜர் சொன்னார்.
6. ஆலையிலிருந்து கடைக்குப் போன் வந்தது. பொருத்தியவர்கள் வேறு ஊரில் வேலையாக இருந்தார்கள். என்னை அனுப்பினார்கள்.

இது 2006இல். படிப்பை முடித்துக் கடையில் சேர்ந்த பிறகு நான் தனியாக வெளியே போன முதல் வேலை. அரியலூர் ஒருமுறை தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த சமயம். ஆலை அலுவலகத்தில் இரண்டு மாவட்டப் பெயரிலும் ரப்பர் முத்திரைகள் இருந்தன. எது கைக்கு அகப்படுகிறதோ அதைக் குத்தினார்கள். தபால் ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தது.

எடைமேடை அறை வாசலுக்குப் பக்கத்தில். உள்ளே ஒரு மேசை, ஒரு கணினி, வெள்ளைத் தூசி படிந்த மின்விசிறி. அங்கே வேலை பார்த்தவருக்கு ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். என் பையைப் பார்த்தார்.

"நீதான் பொட்டி கம்பெனியா? ஒங்க பொட்டி வந்ததுலேருந்துதான் பாப்பா இந்தக் கூத்து."

"எப்பப்ப நிக்குதுண்ணே?"

"அதுக்கு நேரங்காலம் கெடையாது. காலையிலயும் நிக்கும், மத்தியானமும் நிக்கும். ஞாயித்துக்கெழம மட்டும் நல்லா ஓடும். அதுக்கும் லீவு வேணும்ல?"

ஜன்னலுக்கு வெளியே நின்ற லாரிக்காரர் ஒருவர் தலையை நீட்டினார். "என்னண்ணே, மறுபடி தூங்கிருச்சா? மடியில போட்டுத் தாலாட்டுனியா?"

"போடா, ஒன் வண்டிய மொதல்ல ஒழுங்கா மேடையில ஏத்து. அப்பறம் என்னப் பேசு."

சுரங்க ஆபீசுக்குப் போனால் என்ன கஷ்டம் என்று கேட்டேன். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுக் காட்டுவது போலச் சொன்னார்.

"மைன்ஸுல ஷிப்டு முடியறப்ப எங்க ஊரு பஸ்ஸு போயிடும். ஊட்டுல ஒரு மாடு நிக்குது. என்னத் தவிர யாரையும் கிட்ட சேக்காது. எம் பொண்டாட்டி செம்போட போனாலே காலத் தூக்குது. ரெண்டு வேள கறக்காம உட்டா என்ன ஆவும்? மடி கட்டிக்கும். அதோட அது போச்சு. சொசைட்டிக்குப் பாலு ஊத்தித்தான் பெரிய பொண்ணு காலேஜி படிக்குது."

நின்றுபோகும்போது திரையில் ஏதாவது வருமா என்று கேட்டேன். கீழே மூலையில் மஞ்சளாக ஒன்று வரும் என்றார். லாரிக்காரர்கள் கத்திக்கொண்டிருப்பார்கள் என்பதால் உடனே மூடிவிடுவாராம். அந்த மஞ்சள் கட்டத்தில் இருக்கும் செய்தி எனக்குத் தெரிந்ததுதான்: இந்தக் கணினியின் எண்ணை வேறொரு கணினியும் வைத்திருக்கிறது.

ஒரு அலுவலகத்தில் கணினிகள் ஒன்றோடொன்று பேச ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி வேண்டும். அது நான்கு எண்களால் ஆனது. அங்கே எல்லாவற்றுக்கும் முதல் மூன்றும் ஒன்றே: 192, 168, 1. தெருப்பெயர் போல. கடைசி எண் மட்டும் வேறுபடும். அது கதவு எண். ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒருநாள் இங்கே போடுவார், ஒருநாள் அங்கே. இங்கே நடந்ததும் அதுதான்.

எடைமேடைக் கணினியின் நெற்றியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் பேனாவால் 27. அதன்மேல் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. நான் அந்தக் கணினியின் கேபிளைப் பிடுங்கினேன். அடுத்த அறைக் கணினியில் உட்கார்ந்து, 27 இருக்கிறாயா என்று கேட்கும் கட்டளையைத் தட்டினேன்.

இருக்கிறேன் என்று பதில் வந்தது.

பிடுங்கிய கேபிள் எடைமேடை அறைத் தரையில் கிடப்பது கதவு வழியாகத் தெரிந்தது. எடைமேடைக்காரர் அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப யாரு பாப்பா பேசறது?"

தேடிக்கொண்டு போனேன். அறை அறையாகப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. எல்லாக் கணினியிலும் ஸ்டிக்கர், எல்லா ஸ்டிக்கரிலும் எண், ஆனால் எண்கள் வரிசையில் இல்லை. 5, 9, 14, 18, 23, 32, 45. சில வருடங்களுக்கு முன் கேபிள் போட்டவர், வண்டிக்கு நம்பர் எடுப்பது போல ஒவ்வொருவரிடமும் என்ன எண் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர்களும் பிறந்த தேதியைப் பார்த்து, கூட்டிக் கழித்து, ராசியான எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த எண் கணினியுடையது அல்ல, ஆளுடையது.

கணக்குப் பிரிவின் பெரிய அதிகாரியின் மேசையில் புது லேப்டாப் இருந்தது. மூடியின் ஓரத்தில் ஸ்டிக்கர். 27. குங்குமம் இன்னும் ஈரமாகத் தெரிந்தது.

விஷயம் இதுதான். எடைமேடையில் இருப்பது முன்பு இந்த அதிகாரி வைத்திருந்த கணினி. அவருக்குப் பதவி உயர்வு வந்தபோது பழையதை எடைமேடைக்குத் தள்ளிவிட்டார்கள், எண்ணோடு. எடை மென்பொருள்காரர்கள் வந்து, அதில் இருந்த 27ஐயே தலைமைக் கணினியில் பதிந்துவிட்டுப் போனார்கள். 27இலிருந்து வரும் சீட்டை மட்டுமே அது ஏற்கும். பிறகு வயர்லெஸ் வந்தது, லேப்டாப் வந்தது. எங்கள் கடை ஆட்கள் வயர்லெஸுக்கும் அதே தெருவையே கொடுத்திருந்தார்கள். அதிகாரி லேப்டாப்பில் தன் எண்ணைத் தானே போட்டுக்கொண்டார். அவர் மூடியைத் திறக்கும்போதெல்லாம் வாசலில் லாரி நின்றது.

"சார், உங்க லேப்டாப்புக்கு வேற எண் மாத்தணும்."

"ஏம்மா?"

சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என் வண்டி நம்பர் கூட்டினா ஒம்போது. செல் நம்பர் கூட்டினா ஒம்போது. இந்த இருபத்தேழு வந்தப்பறம்தான் எனக்கு புரமோஷனே. மேல ஏறிட்டிருக்கற நேரத்துல எறங்கச் சொல்றியே. அங்க மாத்து."

"அங்க மாத்த மென்பொருள்காரங்க வரணும் சார். எப்ப வருவாங்கன்னு தெரியாது. அதுவரைக்கும் லாரி நிக்கும்."

"அது அந்த எடைமேடை ஆளு பாத்துக்குவான்."

நான் வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். என்னென்ன செய்யலாம் என்று எழுதினால் ஒன்று தவிர மற்றவை தானே அடிபட்டுப் போகும். அதிகாரியை மாற்றுவது அடிபட்டது. எடைமேடையை மாற்றுவதும் அடிபட்டது. மிஞ்சியது, தெருவை மாற்றுவது. வயர்லெஸுக்குத் தனித் தெரு. கேபிள் கணினிகள் 192.168.1இல் இருக்கட்டும். வயர்லெஸ் எல்லாம் 192.168.2. நடுவில் ரவுட்டர், இரண்டு தெருவுக்கும் பொதுவான சந்து மாதிரி. இரண்டு தெருவிலும் ஒரு இருபத்தேழு இருக்கலாம், சண்டை வராது. வயர்லெஸ் திட்டம் போடும்போதே இப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

தாளை அதிகாரியிடம் காட்டினேன். இருபத்தேழு அவருக்கே என்றதும் வாங்கிப் பார்த்தார். முழு முகவரியையும் விரல்விட்டுக் கூட்டினார். முகம் சுருங்கியது.

"கூட்டினா ரெண்டு வருதேம்மா."

நானும் கூட்டினேன். அவர் சொன்னது சரி. ஆனால் கூட்டும்போது வேறொன்றும் தெரிந்தது. ஒன்று, ஒன்பது, இரண்டு, ஒன்று, ஆறு, எட்டு. 192.168ஐ மட்டும் கூட்டினால் இருபத்தேழு. உலகத்தில் பாதி அலுவலகங்கள் இந்த எண்ணில்தான் தொடங்குகின்றன. தாளில் மூன்றாவதாக இருந்த 2ஐ அடித்துவிட்டு 9 என்று எழுதினேன். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்பதும் ஒன்றுதான்.

"192.168.9.27. இப்பப் பாருங்க சார்."

மறுபடி கூட்டினார். "நாப்பத்தஞ்சு. ஒம்போது!" பிறகு சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். "நீ நியூமராலஜி படிச்சிருக்கியா?"

"இல்ல சார். கூட்டல் படிச்சிருக்கேன்."

சிரித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

வேலை பெருகிவிட்டது. புதுத் தெருவில் எண் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, லேப்டாப் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த பாய் 786 கேட்டார். 254க்கு மேல் கிடையாது என்றேன். "அப்ப இருபத்தொண்ணு குடும்மா. கூட்டுனா அதானே, அல்லா ஏத்துக்குவான்" என்றார். திட்டத்தை அவர்களுக்குத் தகுந்தபடி மாற்றினேன். 1 முதல் 50 வரை கேட்டு வாங்குகிறவர்களுக்கு. 101 முதல் 200 வரை கேட்காதவர்களுக்கு, தானாகக் கிடைக்கும். முடிவில் பார்த்தபோது ஐம்பதுக்குள் சில எண்கள் தீண்டப்படாமல் இருந்தன: 8, 17, 26, 35, 44. எல்லாம் கூட்டினால் எட்டு. சனி எண். யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். வயர்லெஸ் பெட்டிகளுக்கும் பிரிண்டருக்கும் அந்த எண்களைக் கொடுத்தேன். அந்த அலுவலகத்தில் அவற்றைவிடப் பத்திரமான எண் இல்லை.

மாலையில் மேனேஜர் எடைமேடைக்கு வந்தார். அதிகாரியும் லேப்டாப்போடு கூட வந்திருந்தார். எடைமேடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரம் நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது; அவர் கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது.

"என்னம்மா, யாரு தப்பு?" என்றார் மேனேஜர்.

"ரெண்டு மெஷின்ல ஒரே எண் இருந்துச்சு சார். எடைமேடையில தப்பு இல்ல. இந்த அண்ணன் கை பட்டு எதுவும் ஆகல."

"யாரு போட்டா அந்த எண்ண?"

அதிகாரி வெளியே நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயரைச் சொன்னால் அவர் மறுப்பார், பேச்சு வளரும், பழி மறுபடி சுவரோரம் நிற்பவரிடம் வந்து சேரும் என்று எனக்குத் தோன்றியது.

"வயர்லெஸ்ஸுக்குத் தனியா எண் வரிசை போட்டிருக்கணும் சார். எங்க பிளான்ல அது இல்ல. இப்பப் போட்டாச்சு. இனிமே யாரு என்ன எண் வச்சாலும் எடைமேடை நிக்காது."

"நின்னா?"

"எங்க கடைக்குப் போன் பண்ணுங்க. இந்த அண்ணன மாத்தறதால நிக்கறது நிக்காது."

மேனேஜர் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். அதிகாரி திறந்தார். மேடையில் நின்ற லாரிக்கு எடைமேடைக்காரர் நின்றபடியே சீட்டுப் போட்டார். சீட்டு வந்தது. இன்னொன்று போடச் சொன்னார். அதுவும் வந்தது. "சரி, மைன்ஸ் பேச்சு இப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார்.

எடைமேடைக்காரர் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். "போயிட்டு வரேன் பாப்பா" என்பது வாசல் தாண்டித்தான் கேட்டது.

கடைக்குத் திரும்பியதும் முதலாளி, "பழிய நம்ம தலையிலயே தூக்கிப் போட்டுட்டு வந்திருக்க" என்றார். கொஞ்ச நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வயர்லெஸ் வேலை எது வந்தாலும் எண் திட்டத்தை முதலில் என்னிடம்தான் கேட்டார்.

சில மாதம் கழித்து மென்பொருள்காரர்கள் வந்தார்கள். எடைமேடைக்கு நிரந்தரமாக ஒரு எண் ஒதுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கேபிள் தெருவிலும் யாரும் எடுக்காமல் கிடந்த 8 என்றேன்.

எடைமேடைக்காரர் பதறிவிட்டார். "எட்டா? சனி நம்பரு பாப்பா! வேற எதுவும் இல்லியா?"

"இருக்குண்ணே. ஆனா இத யாரும் எடுத்துக்க மாட்டாங்க."

யோசித்தார். ஜன்னல் வழியாக அலுவலகக் கட்டடத்தைப் பார்த்தார். "ஆமா. அந்த ஆளு தொடக்கூட மாட்டாரு" என்றார். பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார். புது ஸ்டிக்கரில் எண் எழுத வேண்டாம், வெறும் பொட்டு போதும் என்றார்.

2007 கடைசியில் அரியலூர் மறுபடி தனி மாவட்டமானது. இப்போது நிலைமை இது: கேபிள் கணினிகள் 1இல், வயர்லெஸ் 9இல். அதிகாரி 27இல் இருக்கிறார். எடைமேடை 8இல் இருக்கிறது, நின்றதாக எங்களுக்குப் போன் வரவில்லை. எடைமேடைக்காரருக்குக் கொடுத்த மெமோவை யாரும் திரும்பப் பெறவில்லை. அது இன்னும் கோப்பில்தான் இருக்கிறது. அவர் எடைமேடையிலேயே வேலை பார்க்கிறார், சாயங்காலப் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார்.