ஜன்னல் ஓரத்துக் கன்னம்

வெர்னாவுக்குத் தெரிந்த கெல்வினுக்கு ஐம்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. அவள் பார்த்ததெல்லாம் அவனுடைய இடது பக்கம். குவில்பி ஊரிலிருந்து மேற்கே பண்ணைகளுக்குப் போகும் தபால் வண்டியை அவன் ஓட்டினான். அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். கல்யாணமான வருஷம் தொடங்கிய ஓட்டம். இப்போது இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. படுக்கையிலும் அவளுக்கு இடது பக்கம்தான். பழகிப்போனது.

பண்ணைக்காரர்களுக்கு வேறொரு கெல்வினைத் தெரியும். வண்டி நின்றதும் அவர்கள் ஓட்டுகிறவனின் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். அங்கே முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பவன் ஒரு கிழவன். தோல் தடித்து, வறண்ட குளத்து மண்போல வெடித்திருக்கும். கண்ணுக்குக் கீழே பை தொங்கும்.

வெர்னாவின் வேலை வழியிலுள்ள பண்ணை கேட்டுகள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் இறங்கித் திறக்க வேண்டும், வண்டி தாண்டியதும் மூடிவிட்டு ஏற வேண்டும். மேற்கில் இதற்கு விலக்கு கிடையாது. அவள் பண்டபெர்க் நகரத்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். இங்கே வந்த முதல் வாரமே வெயிலில் கைகள் கொப்பளித்துவிட்டன. அன்றிலிருந்து கெல்வினின் பழைய முழுக்கைச் சட்டை, கழுத்தையும் மூடுகிற தொப்பி, முகத்திலும் புறங்கையிலும் வெள்ளையாகக் கிரீம். தேன் எடுக்கப் போகிறாயா என்று பண்ணை ஆட்கள் கேலி செய்வார்கள். வண்டியில் ஏறியதும் கெல்வினிடம்தான் கொட்டுவாள்.

"மகாராசா நிழல்ல உக்காந்திருக்காரு. வேலைக்காரி வெயில்ல காயுறேன்."

"வேலைக்காரி கையப் பாரு, மெழுகு பூசுன மாதிரி. மகாராசாவுக்குத்தான் முதலைத் தோலு."

டூலா பண்ணையின் ஜோசலினை மட்டும் வெர்னாவுக்குப் பிடிக்காது. புருஷனை இழந்தவள். வண்டிச் சத்தம் கேட்டதுமே தகரக் குவளையில் தேநீரோடு வந்து கெல்வினின் ஜன்னலைப் பிடித்துக்கொள்வாள். பேசுவது பாதி, அவன் முகத்தைப் பார்ப்பது பாதி. வெர்னாவுக்கும் ஒரு குவளை வரும், கெல்வினின் கை வழியாக. அவள் குடிக்காமல் வைத்திருந்து, அடுத்த கேட்டில் ஊற்றிவிடுவாள்.

ஒரு நாள் ஜோசலின் வண்டியைச் சுற்றிக்கொண்டு வெர்னாவின் பக்கம் வந்தாள்.

"இவன் வலது காதுக்குப் பின்னால ஒண்ணு இருக்கே, பாத்தியா?"

"என்ன இருக்கு?"

"கறுப்பா. போன மாசம் மிளகு மாதிரி இருந்துச்சு. இப்போ பெருசாகி, ஓரமெல்லாம் கோணலா இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு முதுகுல இப்படித்தான் இருந்துச்சு. நாங்க லேட்டாப் பாத்தோம்."

கெல்வின் சிரித்தான். வெர்னா இறங்கி, அவன் ஜன்னல் பக்கம் வந்து, அவன் காது மடலை மடக்கிப் பார்த்தாள். ஒரே படுக்கையில் படுக்கிறவளுக்குத் தெரியாதது ஜன்னலில் நிற்பவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வாரம் தோல் டாக்டர் ஊருக்கு வரும் முறை. மர்ஃபெட் என்று ஓர் இளம்பெண். கெல்வினின் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன இது, அப்பா ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கம்?"

"நான் நிழல்லதானம்மா உக்காந்திருந்தேன். வெயில்ல நின்னவ இவ."

"நிழல்னு நினைச்சு நீங்க எல்லாத்தையும் திறந்து போட்டீங்க. வெயில்னு தெரிஞ்சு இவங்க மூடிக்கிட்டாங்க. ஜன்னலை ஏத்தி வச்சாலும் கண்ணாடி தோலைச் சுடுற வெயிலத்தான் தடுக்கும். தோலைக் கிழடாக்குற வெயில் பாதிக்கு மேல உள்ள வந்துரும்."

"இனிமே கிரீம் பூசி என்ன ஆகப்போகுது, இந்த மூஞ்சிக்கு?"

"போன வயசு வராது. வர்ற வயசு மெதுவா வரும். தினம் பூசணும், சும்மா ஒருநாள் ரெண்டுநாள் இல்ல."

காதுக்குப் பின்னால் இருந்ததை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். என்னவென்று இப்போது சொல்ல முடியாது, முடிவு வரட்டும் என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

காதுக்குப் பின்னால் போட்ட தையலால் கழுத்தைத் திருப்ப முடியாததால் அடுத்த நடைக்கு வெர்னா வண்டியை எடுத்தாள். கெல்வின் அவளுடைய இருக்கையில், அவளுடைய தொப்பியில், கன்னமெல்லாம் கிரீமோடு. ஓட்டிக்கொண்டே திரும்பினால் அவனுடைய வலது பக்கம். இந்த வலது பக்கத்து மனிதனோடு அவள் இவ்வளவு தூரம் போனதே இல்லை. கன்னத்துப் பள்ளங்கள், பழுப்புத் திட்டுகள், காதோரம் கட்டு. இந்தப் பக்கம் மட்டும் தனியாகக் கிழடு தட்டிக்கொண்டிருக்க, தான் ஊமைபோல மறுபக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததை நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரோட்டப் பாரு கிழவி. ரெண்டு பேரையும் ஒண்ணாப் புதைக்க வேண்டியிருக்கும்."

"வாயக் கழுவு. கேட் வருது, இறங்கு."

அவன் இறங்கிப் போய்க் கொக்கியோடு மல்லுக்கு நின்றான். மேலே தூக்கி இழுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. கொஞ்சம் திட்டிக்கொள்ளட்டும், நல்லது.

டூலாவில் ஜோசலின் தேநீர் இல்லாமல் ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு. "உள்ள வாங்க, டாக்டரம்மா லைன்ல இருக்கா. இன்னிக்குத் தபால் நாள், இங்கதான் இருப்பீங்கன்னு கண்டுபிடிச்சுட்டா."

வெர்னா அந்தச் சமையலறைக்குள் நுழைவது முதல் தடவை. கெல்வின் ஃபோனை இடது காதில் வைத்துச் சுவரோரமாக நின்றான். அவளுக்குத் தெரிந்தது வலது கன்னம் மட்டும். இடது பக்கமாக இருந்தால் உதட்டோரம் இழுபடுவதை வைத்தே சொல்லியிருப்பாள். இந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியவில்லை. "சரிம்மா... சரி... அப்படியா," என்றான். அந்தத் தடித்த தோலில் ஒன்றும் அசையவில்லை.

ஃபோனை வைத்தான்.

"கெட்டதுதானாம்."

வெர்னா சுற்றிப் போய் அவனுடைய இடது பக்கம் நின்றாள்.

"ஆனா ஆழமா இறங்கலையாம். வெட்டுன ஓரமெல்லாம் சுத்தமா இருக்காம். இன்னொரு தடவ சுத்தி கொஞ்சம் எடுப்பாளாம், அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருக்க காட்டணும். இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா கதையே வேறயாம்."

பிறகு வெர்னா ஜோசலினைப் பார்த்தாள். நன்றி சொல்ல வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தை எதுவும் வரவில்லை. வேறொன்று வந்தது.

"நீ இவனையே பாத்துக்கிட்டு நிக்கிறன்னு எனக்கு எத்தன வருஷமா எரிச்சல் தெரியுமா?"

"தெரியும். நீ என் தேநீரக் கேட்டுல ஊத்துறதும் தெரியும்." ஜோசலின் மாவுக் கையை இடுப்பில் வைத்தாள். "பாக்குறதுக்கு இங்க வேற என்ன இருக்கு? ஆடுங்க இருக்கு, இவன் இருக்கான். ஆட்டுக்காவது முகம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்."

கெல்வின் சிரித்தான். தையல் இழுத்தது, "ஐயோ" என்றான்.

வெர்னா அந்த மாவுக் கையைப் பிடித்தாள்.

"விடு, வெர்னா. அடுப்புல கேக் கருகுது."

வெர்னா விடவில்லை.