அந்தோணி அண்ணனின் நெல்லிக்காய்

செய்தியைச் சொன்னவர் நம் கன்டெய்னர் யார்டின் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. லாரி வரிசையைத் தாண்டி வந்து, முதலுதவி அறையைத் திறந்துகொண்டிருந்தேன். "நம்ம கிரேன் அந்தோணி தவறிட்டாரு சிஸ்டர்" என்றார். நுரையீரலில் புற்று என்று தெரிந்த நாளிலிருந்து எதிர்பார்த்ததுதான். ஆனாலும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

யார்டில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய பைகள் நினைவிருக்கும். சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட், பேன்ட் பையில் நெல்லிக்காய். ஒரு சிகரெட் பிடித்தால் ஒரு காய். "சரிக்குச் சரி ஆய்ப்போச்சு" என்பார். அவரைப் பார்த்து உங்களில் பாதிப் பேர் அதே வழக்கத்துக்கு வந்தீர்கள். கேன்டீன்காரர்கூட பிஸ்கட் ஜாடி பக்கத்தில் நெல்லிக்காய் ஜாடி வைத்தார். இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நான்தான்.

ஒரு பரிசோதனை முகாமில், முந்தின நாள் என்ன சாப்பிட்டார் என்று அவரிடம் கேட்டேன். "காலைல டீ, தம்மு. மத்தியானம் பரோட்டா, சால்னா. அப்பால டீ, தம்மு." பழம்? "அதெல்லாம் ஆஸ்பத்திரில கீறவனுக்கு வாங்கினு போறதாச்சே சிஸ்டரு!" உடம்பைக் காக்க ரத்தத்தில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்டுகளைப் புகை தின்றுவிடும், வைட்டமின் சி குறையும், புகைப்பவர்தான் மற்றவரைவிட அதிகம் காய், பழம், நெல்லிக்காய் என்று சாப்பிட வேண்டும், நீங்களோ தொடுவதே இல்லை என்றேன். எத்தனை பழம் தின்றாலும் புகையின் கேடு போகாது, விட்டுவிடுவதுதான் வழி என்பது அடுத்த வரி. அதைச் சொல்லவில்லை. காலையிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கேட்டவர்களெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். "அடுத்தவர் வாங்க" என்றேன்.

பிறகு அந்த வரியைப் பலமுறை சொன்னேன். "இப்ப மாத்திச் சொல்றியே சிஸ்டரு, மொதல்ல சொன்னதுதான் நல்லாகீது" என்று எனக்கும் ஒரு காயை நீட்டுவார். எரிச்சலாக இருக்கும். அலுத்துப்போய் வாங்கிக்கொள்வேன்.

ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது மனைவி மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாள் வுடாம துண்ணாரு சிஸ்டர். நான்தான் மார்க்கெட்டுல பொறுக்கி எடுத்து வாங்கியாந்தேன். அப்புறம் ஏன் இப்டி ஆச்சு?"

"நான் அன்னிக்குப் பாதிதான் சொன்னேன், அக்கா" என்றேன். மீதியையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அக்கா திட்டவில்லை. வாசலைக் காட்டினார். நம் யார்டிலேயே லாரி ஓட்டும் மூத்த மகன், சவப்பெட்டி வண்டிக்குப் பக்கத்தில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். முடித்ததும் பையில் கைவிட்டு ஒரு நெல்லிக்காயை எடுத்துக் கடித்தார்.

"அந்த மீதிய அவன்கிட்ட சொல்லு. இப்பவே சொல்லு."

அந்தோணி அண்ணனிடம் அன்று சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரிதான், அவர் நினைவாக இனி என்னிடம் இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.