கையெழுத்து அண்ணன் பெயரில்

என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சொல்லி முடிப்பதற்குள் "ஓ, மொபைல் ஆப்பா?" என்பார்கள். இல்லவே இல்லை. மேஜைமேல் வைத்து வேலை செய்கிற கம்ப்யூட்டருக்கான மென்பொருள். தையற்கடைக்காரர் அளவைக் கொடுத்தால் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று வெட்டவேண்டிய உருவங்களை வரைந்து, துணி வீணாகாதபடி திரையில் அடுக்கிக் காட்டும். எழுதுவது, திருத்துவது, போன் வந்தால் விளக்கம் சொல்வது எல்லாம் இவர் ஒருத்தர்தான். ஆபீஸ் என்பது சமையலறைக்குப் பின்னால் இருக்கிற அறை. துவைக்கும் மெஷினும் அங்கேதான். அது வேகமாகச் சுற்றும்போது மேஜை, திரை எல்லாம் ஆடும். மனுஷன் மட்டும் ஆடமாட்டார்.

"இன்டர்நெட் இல்லாட்டியும் திறக்கணும். அவங்க வரைஞ்சது அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்கணும். ஒரு தடவை வாங்கினா அது அவங்களோடது. கத்தரிக்கோல் வித்தவன் தினம் காலைல வந்து, இன்னைக்கு வெட்டிக்கோங்கன்னு அனுமதி குடுப்பானா?" இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். என்னிடம் சொன்னால் போகட்டும், வாங்குகிற ஒவ்வொருவரிடமும் இதையே வாக்காகவும் கொடுத்துவிட்டு வருவார்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. புதிதாக எதையாவது சேர்த்தால் நேரே ஒரு தையற்கடைக்குப் போவார். வெட்டுகிறவர்களுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு உட்காருவார். வாயைத் திறக்கமாட்டார். தலைகீழாக நின்று கேட்டாலும் அவர்களுடைய மவுஸைத் தொடமாட்டார். "நான் கைய வெச்சா அவங்க எங்க தடுமாறுறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பார். அதிகமாக உட்கார்ந்தது கட்டிங் அக்கா கடையில். அவர்தான் முதன்முதலில் வாங்கியவர். கோபம் வந்தால் திரையைப் பார்த்தே திட்டுவார். அன்றைக்கெல்லாம் இவர் வீட்டுக்கு முகமெல்லாம் பல்லாக வருவார். "இன்னைக்கு அக்கா என்னைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டாங்க!" எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

இப்படிப்பட்ட ஆளுக்கு விற்கத் தெரியுமா? தெரியாது. என் அண்ணனுக்குத் தெரியும். வழுக்கைத் தலையனிடம் சீப்பு விற்றுவிட்டு, எண்ணெய்க்கும் ஆர்டர் வாங்கி வருவான். அவனாகவே வந்து, "மாப்பிள்ளை, நீங்க எழுதுங்க, நான் விக்கிறேன்" என்றான். ஊர் ஊராகப் போய் விற்றான். அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

இந்தத் தொழிலில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. மென்பொருளை அனுப்பும்போது, இதைச் செய்தது இன்னார் என்று ஒரு டிஜிட்டல் கையெழுத்தை ஒட்டி அனுப்பவேண்டும். அது இருந்தால்தான் வாங்கியவரின் கம்ப்யூட்டர் அதை நம்பும். அந்தக் கையெழுத்தைக் கம்பெனி பெயரில் வாங்குவது சுலபமாம். பதிவு செய்த கம்பெனி அண்ணனிடம் இருந்தது. "யார் பேர்ல இருந்தா என்ன, மச்சான்தானே" என்றார் இவர். ஒரு கமா இடம் மாறியிருந்தால் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை கட்டிங் அக்கா போன் செய்தார். "தம்பி, சிவப்பா ஒரு பெட்டி வருது. இது ஆபத்தானது, திறக்கமாட்டேன்னு சொல்லுது. மேஜைல துணிய விரிச்சு வெச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்."

அவர் வைப்பதற்குள் அடுத்த போன். அதற்குப்பின் வரிசையாக. இவரோ, தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று மத்தியானம்வரை தான் எழுதிய நிரலையே புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் சரிபார்த்தால், கையெழுத்து ரத்து. ரத்து செய்யச் சொன்னது அதன் சொந்தக்காரர்.

"மச்சான் ஏதாவது தப்பா அழுத்தியிருப்பார்" என்றார் இவர். அப்போதும்!

அண்ணன் போனை எடுக்கவில்லை. அண்ணியைக் கூப்பிட்டேன். அவர் பாட்டுக்குச் சாதாரணமாகச் சொன்னார்: "உங்ககிட்ட சொல்லலையா? அவர் ஒரு பெரிய கம்பெனியோட சேர்ந்துட்டாரே. இதே மாதிரி அவங்க ஒண்ணு வெச்சிருக்காங்களாம். இன்டர்நெட்லதான் ஓடுமாம், மாசா மாசம் வாடகையாம். பழசு நின்னாதானே ஆளுங்க புதுசுக்கு வருவாங்க."

என் கூடப்பிறந்தவன்!

சாயங்காலம் அவனே வந்தான். சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளை, காலம் மாறிப்போச்சு. உங்களுக்கும் அங்க ஒரு வேலை பேசியிருக்கேன்" என்றான்.

"கையெழுத்தைத் திருப்பிக் குடுங்க மச்சான். அவங்களுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீங்கதானே குடுத்தீங்க? நானா குடுத்தேன்?"

நான் நடுவில் புகுந்தேன். "ஏண்டா அண்ணா, இந்த வீட்டுல சோறு தின்னுக்கிட்டே குழி பறிச்சியா? சொல்லிட்டாவது செஞ்சிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பாரா?" என்றான். கூச்சநாச்சமே இல்லை. நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவனும் போய்விட்டான்.

சொந்தப் பெயரில் கையெழுத்துக் கேட்டு இவர் விண்ணப்பித்திருக்கிறார். சரிபார்த்து வர வாரக்கணக்கில் ஆகுமாம். அதுவரை கடைகள் நிற்கக் கூடாதென்று, கையெழுத்தே இல்லாத ஒன்றைத் தயார் செய்தார். அதைத் திறந்தால் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும், அவ்வளவுதான். சம்மதம் என்று அழுத்தினால் ஓடும். போனில் விளக்கமாட்டேன், நேரில்தான் போவேன் என்றார். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

கட்டிங் அக்கா "வாங்க" என்றார். வழக்கமாக "வாப்பா" என்பவர். இவர் கொண்டுபோன புதியதை அக்காவே ஏற்றினார். கேள்விப் பெட்டி வந்தது. அக்கா எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தார்: "இதைச் செய்தவர் யாரென்று தெரியவில்லை. இருந்தும் திறக்கவா?"

"ஆமான்னு அழுத்துங்கக்கா" என்றேன் நான்.

அக்கா அழுத்தவில்லை. இவரைத் திரும்பிப் பார்த்தார். "உங்க மச்சான் போன் பண்ணினார் தம்பி. பழசுல வைரஸ் இருக்கு, தொடாதீங்க, வரைஞ்சதெல்லாம் அழிஞ்சிடும்னு சொன்னார். நான் என்னத்த நம்புறது? உங்க வீட்டு ஆளுதானே அவரு. உங்களுக்குத் தெரியாமலா நடந்திருக்கும்?"

"அக்கா! அவன் என் அண்ணன். எனக்கே தெரியாது. இவரு பச்சப்புள்ள மாதிரி அவனை நம்பி..."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மவுஸை இவர் பக்கம் தள்ளினார். "அப்ப நீயே அழுத்துப்பா."

எனக்கு உயிர் வந்தது. எட்டி ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, எப்போதும்போல அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். கை இரண்டும் பாக்கெட்டுக்குள் போயின. "உங்க கம்ப்யூட்டர்க்கா. நீங்கதான் அழுத்தணும்."

அக்கா மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அம்புக்குறி அங்கும் இங்கும் அலைந்தது. பிறகு அக்கா "வேண்டாம்" என்பதை அழுத்தினார். பெட்டி மறைந்தது.

"தப்பா நினைச்சுக்காத தம்பி. இத்தனை வருஷத்து வேலை இதுல இருக்கு."

"சரிக்கா" என்று எழுந்தார். ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

தெருமுனை வரைக்கும் நடந்தோம். பிறகு இவர் சொன்னார்: "அவங்க மேல தப்பில்ல. அந்தப் பெட்டியில 'வேண்டாம்'தான் பெரிசா இருக்கு. அதுதான் சரி. நான் செஞ்சிருந்தாலும் அப்படித்தான் வெச்சிருப்பேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுத்தெருவென்றும் பார்க்காமல் கத்தினேன். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கைய வெளிய எடுத்தா என்னங்க?"

அப்போதுதான் பார்த்தேன். கை இன்னும் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. துணிக்கு மேலேயே தெரிந்தது, உள்ளே ஒரு விரல் மவுஸைத் தட்டுவதுபோல அழுத்திக்கொண்டே இருந்தது.