ஷிப்பும் ஷிப்டும்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்துகொண்டு, மகன் ஷிப்பில் இருக்கிறான் என்று சொன்னால் ஒருவருக்கும் கடல் ஞாபகம் வராது. "நைட்டாண்ணே, டேயா?" என்றுதான் கேட்பார்கள். ஷிப்ட் என்ற சொல்லில் கடைசி எழுத்தைத் தின்றுவிட்டு "ஃபர்ஸ்ட் ஷிப்பு, செகண்ட் ஷிப்பு" என்று பேசிப் பழகிய ஊர் இது. என் மகன் சூளகிரிப் பக்கம் புதிதாக வந்த ஏதோ கம்பெனியில் இரவு வேலை பார்க்கிறான், அதனால்தான் பகலில் கண்ணில் படுவதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தார். அவன் வெள்ளை உடுப்பில் நிற்கிற படத்தைக் காட்டிய பிறகுதான், "அட, நேவியா! சொல்லவே இல்லியே" என்றார். சொல்லாமலா இருந்தேன், நூறு தடவை சொன்னேன். அவரைக் கேலி செய்து நானும் என் மனைவியும் சிரித்தது கொஞ்சநஞ்சமில்லை. அதற்கெல்லாம் சேர்த்து இந்த மே மாதம் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத ஆள். முப்பது வருடமாகப் பிரஸ் ஷாப்பில் நின்றே வேலை. இரும்புத் தகடு உள்ளே போகும், மேலிருந்து அச்சு இறங்கும், தரை அதிரும், கதவோ மூடியோ ஆகி வெளியே வரும். அந்தச் சத்தத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. கட்டை விரலைத் தூக்கினால் சரி, மணிக்கட்டைத் தட்டினால் டீ. எதிரில் இருப்பவன் எதையாவது கத்தினால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் "சரி சரி" என்று தலையாட்டிவிட வேண்டும். இரண்டாவது தடவை கேட்க அங்கே நேரம் கிடையாது. காதில் வைக்க ஆரஞ்சு நிற அடைப்பான் கொடுப்பார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சேப்டி ஆபீசர் வரும்போது மட்டும் மாட்டிக்கொள்வோம். அதில் எங்களுக்கு ஒரு கெத்து.

வருடா வருடம் காதுப் பரிசோதனையும் உண்டு. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்பார்கள். நான் சத்தத்தைக் கேட்டுத் தூக்கியதில்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் நர்சின் விரல் பட்டனை அமுக்குவதைப் பார்த்துத் தூக்குவேன். தோற்றால் ஸ்டோர்ஸில் போய் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எண்ண வேண்டும். உட்காருவது என்னால் முடியாத காரியம். இது என் மனைவிக்கே தெரியாது. டி.வி. சத்தத்துக்காக அவளோடு தினமும் சண்டை போட்டேனே தவிர, ஏன் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

எங்கள் மகள் மூத்தவள். தினமும் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறாள். மகன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. கடைசி ஒன்றரை வருடமாக அவன் வீட்டுக்கு வரவில்லை. ஏப்ரலில் ஒருநாள் போனில், ஒரு நீண்ட பயணம் இருக்கிறது, மே மாதக் கடைசியில் கிளம்பினால் திரும்ப எட்டு மாதம் ஆகும், அதற்கு முன் லீவு கிடைக்காது என்றான். "நீங்களே வாங்கம்மா. ரெண்டு நாள் பாத்துட்டுப் போலாம்" என்றான். அவன் அப்போது விசாகப்பட்டினத்தில் இருந்தான். அன்றே மகள் ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பையை எடுத்து வைப்பேன், திரும்பப் பிரிப்பேன். மனைவி, "இன்னும் ஒரு மாசம் இருக்குது, இப்பவே செருப்ப மாட்டிக்கினு நிக்கிறீங்களே" என்பாள்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அந்தப் போன் வந்தது. மனைவி மாம்பழத்துக்குச் சொல்லிவைத்துவிட்டு வரக் கல்லாவியில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி கேட்டில் நின்றிருந்தேன். ஒரே நேரத்தில் ஏழெட்டு கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மகன் பேசினான். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "ஷிப்ட் மாறிடுச்சுப்பா... கொஞ்சம்... வந்துருங்க... அம்மாகிட்டயும் சொல்லிருங்க."

"சரி சரி" என்றேன்.

டூட்டி நேரம் மாறியிருக்கிறது, கொஞ்சம் பார்த்து வந்துவிடுங்கள் என்கிறான் என்று நானே நிரப்பிக்கொண்டேன். ஷிப்ட் மாறுவது எனக்குப் பெரிய செய்தியா? வாராவாரம் மாறுகிறது. மனைவி ஊரிலிருந்து வந்ததும், "பையன் பேசினான், பத்திரமா வரச் சொன்னான்" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு அவன் போன் அணைந்தே இருந்தது. கப்பலைப் பற்றி எதையும் மெசேஜில் எழுதக் கூடாது என்பது அவர்கள் விதி. பத்து நாள் பேச்சில்லாமல் இருப்பதும் எங்களுக்குப் பழக்கம்தான்.

ஒரு வியாழக்கிழமை பெங்களூரில் ரயில் ஏறினோம். கையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய, கல்லாவியிலிருந்து வந்த செந்தூரா மாம்பழம். போய்ச் சேரும்போது பழுக்கட்டும் என்று செங்காயாகப் பறித்தது. பள்ளி விடுமுறைக் கூட்டம், ரயிலில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நான் இறங்கி ஏறினேன். "ஒரு நாள் விட்டுட்டுத்தான் போகப் போகுது, அப்பத்தான் அடங்குவீங்க" என்று மனைவி திட்டினாள். ஆந்திராவுக்குள் நுழைந்ததும் அவளுக்குக் குஷி பிறந்துவிட்டது. எங்கள் வீட்டு ஓனரம்மாவிடம் கற்ற தெலுங்கில் பெட்டி முழுக்கப் பேச ஆரம்பித்தாள். மகன் கப்பலில் இருக்கிறான், அவனைப் பார்க்கப் போகிறோம் என்று அவள் சொல்ல, இங்கே யாரும் நைட்டா டேயா என்று கேட்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கடற்படை கேட்டில் போய் நின்றோம். அவன் போன் அப்போதும் அணைந்திருந்தது. காவலில் இருந்தவர் பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொண்டு உள்ளே பேசினார். வெயில் மண்டையைப் பிளந்தது. அரைமணி கழித்து வந்தார். மனைவியைப் பார்த்து, "ஆயன இக்கட லேரம்மா" என்றார். இங்கே இல்லை. வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள், பத்து நாளாகிறது. எந்த ஊர் என்று தான் சொல்லக் கூடாது. பிறகு எங்கள் மாம்பழப் பெட்டியைப் பார்த்துவிட்டு, உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்: "இன்ட்லோ செப்பலேதா?"

வீட்டில் சொல்லவில்லையா?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷிப்ட் மாறிவிட்டது என்று அவன் சொல்லவில்லை. ஷிப் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கிறான். "சொன்னான்" என்றேன் மனைவியிடம். "எங்கிட்டதான் சொன்னான். எனக்குச் சரியா கேக்கல." அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் அவனே அம்மாவுக்குப் போன் செய்தான். கரைக்கு வந்ததும் முதல் போன். "எங்கம்மா இருக்கீங்க? கொச்சி வந்துட்டீங்களா?" அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கொச்சி. அன்று போனில் "கொஞ்சம்" என்று என் காதில் விழுந்தது அதுதான். விசாகப்பட்டினத்தில் இருக்கிறோம் என்று அவள் சொன்னாள். "அப்பாகிட்ட சொன்னேனேம்மா. சரி சரின்னாரு" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வரைக்கும்தான் வெளியே விடுவார்கள், அதன் பிறகு கப்பலை விட்டு இறங்க முடியாது, அதற்குள் உங்களால் வர முடியாது, விடுங்கம்மா, பரவாயில்லை என்றான். "யாரு சொன்னா முடியாதுன்னு?" என்று அதட்டிவிட்டு மனைவி போனை வைத்தாள்.

கொச்சிக்கு நேராகப் போக ரயிலிலும் இடமில்லை, விமானத்திலும் இடமில்லை. மகள்தான் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு வழி கண்டுபிடித்தாள். சனிக்கிழமை மதியம் பெங்களூர் வரை விமானம். அங்கிருந்து மாலையில் எர்ணாகுளம் பஸ். "அப்பா, இந்தத் தடவையாவது நான் சொல்றது கேட்டுச்சா? திருப்பிச் சொல்லுங்க" என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னேன். எனக்கும் என் மனைவிக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். ஜன்னலை ஒருவரும் பார்க்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் முன் சீட்டைப் பார்த்தாள்.

அந்த பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போயிற்று. அத்திப்பள்ளி தாண்டி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து மூக்கண்டப்பள்ளிக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. செகண்ட் ஷிப்ட் ஆட்கள் டீக்கடையில் நின்றிருந்தார்கள். எங்கள் தெரு திரும்பும் முனையில் சிக்னலுக்காக பஸ் நின்றே விட்டது. மூன்று நாளாக ஊர் சுற்றி, வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறோம். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "செருப்பு போட்டுக்கினு இங்கயே கைகாட்டி ஏறியிருக்கலாம்" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சூளகிரி வரை சிரித்தோம். கிருஷ்ணகிரி வருவதற்குள் அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து போய் டிரைவர் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா என்று கேட்டு அவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கொச்சியில், காலை எட்டரைக்கு அவன் வந்தான். கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. முகம் முழுக்கத் தாடி. அங்கே அனுமதி வாங்கி வளர்க்கலாமாம். "சாமியாராப் போறதுன்னா சொல்லிட்டுப் போடா" என்று சொல்லிக்கொண்டே அம்மா அவன் கன்னத்தைப் பிடித்தாள். மாம்பழங்கள் கனிந்து அட்டைப்பெட்டியே ஈரமாகியிருந்தது. அவன் கடைக்கு வெளியே குனிந்து நின்று, தோலோடு மூன்றைத் தின்றான். தாடியெல்லாம் சாறு. அம்மா பேசினாள், அவன் பேசினான். மாமா வீட்டுத் தோப்பு, அக்காவுக்கு வந்திருக்கும் வரன், புதிய கப்பலின் சாப்பாடு. நான் நடுவில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருடமாக நேரில் நான் அவன் பேச்சைக் காதால் கேட்டதில்லை, உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்திருக்கிறேன். இப்போது உதட்டைத் தாடி மூடிவிட்டது. பாதி வார்த்தைகள் எனக்கு வரவில்லை.

ஒன்பதரைக்குக் கிளம்ப எழுந்தான். அம்மா காலில் விழுந்தான். அவள் பெட்டியில் மிச்சமிருந்த நல்ல பழங்களைப் பொறுக்கப் போனாள். அவன் என் பக்கம் வந்து, என் தோளில் கை வைத்து, காதருகே குனிந்து ஏதோ சொன்னான். அந்த நேரம் ஒரு பஸ் கியர் மாற்றிக்கொண்டு எங்களைக் கடந்தது.

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். திருப்பிச் சொல்லுப்பா என்று கேட்டிருக்கலாம். இவ்வளவு அலைந்த பிறகும், முப்பது வருடப் பழக்கம் என் வாயைத் திறந்தது. "சரிப்பா, சரி சரி" என்று அவன் முதுகைத் தட்டினேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் சொன்ன பதில் போதாது என்பதுபோல ஒரு கணம் நின்றான். பிறகு லேசாகத் தலையாட்டிவிட்டுச் சாலையைக் கடந்து உள்ளே போனான்.

"என்னா சொன்னான் உங்ககிட்ட?" என்று மனைவி திரும்பும் வழியில் கேட்டாள்.

"உடம்பப் பாத்துக்கச் சொன்னான்" என்றேன். அவள் நம்பிவிட்டாள்.

ஊருக்கு வந்த மறுவாரம் நானே காது டாக்டரிடம் போனேன். கம்பெனியிலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஸ்டோர்ஸில் போட்டுவிட்டார்கள், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு காதிலும் மெஷின். குக்கர் விசில் ஊசி மாதிரி இறங்குகிறது. மனைவி சமையலறையில் முணுமுணுவென்று என்னைத் திட்டுவது இத்தனை வருடம் கழித்து முதல் தடவையாகக் கேட்கிறது. டி.வி. சண்டை ஓய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் நேற்று கேட்டார்: "பையன் எந்த ஷிப்புண்ணே?" தெளிவாகக் கேட்டது. என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் ஆனால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். அவன் போன் வரப் பல மாதம் ஆகும். அவன் சொன்னது வெறும் விடைபெறுதலா, அம்மாவிடம் சொல்ல முடியாத ஏதாவதா, அல்லது என்னிடம் ஏதாவது கேட்டானா? கேட்டிருந்தால் எதற்குச் சரி என்றேன்? எட்டு மாதம் கழித்து அவன் இறங்கி வந்ததும் முதல் வேலையாக, "அன்னிக்கு டீக்கடையில என்னப்பா சொன்ன?" என்று கேட்கப் போகிறேன். அதற்கு அவன், "என்னிக்குப்பா?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.